ஆய்வுக் குறிப்பு, வார்டு பதினேழு

நகராட்சி அச்சடித்த படிவம் பச்சை.
லாரியேறாமல் தப்பித்த பிஞ்சு மாங்காயின் பச்சை.
கட்டட அனுமதிக் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி:
கூரைக்கு வெள்ளை பூசினால்,
குவாரி கழித்துப் போட்ட கல்லில் சுவர் எழுப்பினால்,
மழைக்குக் குழி வெட்டினால்,
மனையில் பத்தில் ஒரு பங்கைச்
சிமெண்டு தொடாமல் விட்டுவைத்தால்.

ஏப்ரல் முழுக்க எனக்கு
இதையெல்லாம் நேரில் பார்த்து டிக் அடிக்கும் வேலை.
கிருஷ்ணகிரி வெயிலில்
பதினொரு மணிக்கே சையத் பாஷா மலை
அடுப்பில் மறந்த தோசைக்கல்.

பழையபேட்டையில் முதல் வீடு.
நாலங்குலக் குழாய் மாடியிலிருந்து இறங்கி
மண்ணுக்குள் போகிறது. டிக்.
ராயக்கோட்டை சாலையில் அடுத்தது. டிக்.
மூன்றாவது வீட்டில்
குழாயின் வளைவில் ஒரு சிவப்புப் பெயிண்ட் சொட்டு.
இதை எங்கோ பார்த்திருக்கிறேனே.
பிடித்து இழுத்தேன்.
ஆடிக்கொண்டிருந்த பால்பல் மாதிரி
கையோடு வந்துவிட்டது.
அடியில் குழி இல்லை, சல்லி இல்லை,
செம்மண்ணில் ஒரு வட்டம் மட்டும்.

மேஸ்திரி தேவராஜுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"போன வாரத்துல இருந்து ஊர் சுத்துது சார்.
ஒரு வீட்டுக்கு இருநூறு ரூபா வாடகை.
உங்களைவிட அதுதான் நெறைய வீடு பாத்திருக்கு."

நாகவேணி வீட்டுக்குப் போனது தள்ளுபடிக்காக இல்லை.
அளவு மீறிக் கட்டியிருப்பதாகப்
பக்கத்து மனைக்காரர் புகார் எழுதியிருந்தார்.
டேப் பிடித்துப் பார்த்தேன்.
ஒன்றரை அடி குறைவு.

சுவரெல்லாம் கிரானைட்டின் ஓரத் துண்டுகள்.
ஒரு முகம் கண்ணாடி, மறுமுகம் மலை.
பதினோரு வருஷமாக அந்தப் பட்டறையில்
மெருகேற்றும் மெஷினுக்குத் தண்ணீர் விடுகிறாராம்.
"வண்டி எண்ணூறுன்னு தள்ளிவிட்டாங்க."
மாடிக்குச் சுண்ணாம்பு.
"அடிக்கலன்னா உள்ள இட்லிப்பானை சார்."
முன்னால் இத்தனை மண்?
"அதுக்குள்ள காசு தீந்துடுச்சு."

பேசியபடியே
பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியோடு கொட்டினார்.
பழக்கதோஷம், எண்ணினேன்.
முப்பத்தொன்றில்
ஒரு நுரைக்குமிழி மட்டும் மிச்சம்.
முப்பத்திரண்டில் அதுவும் இல்லை.

பச்சைப் படிவத்தை நீட்டினேன்.
கட்டிய பணத்தில் அறுநூற்று நாற்பது திரும்ப வரும் என்றேன்.
"குடுத்துட்டு அப்புறம் என்ன கேப்பீங்க?"

பத்திரத்தில் உறுதிமொழி,
நோட்டரி முத்திரை, பொறியாளர் கையெழுத்து,
நாலு பக்கமும் எடுத்த கலர் போட்டோ.
மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன், ஆயிரத்து நூறு.
சொல்லவில்லை.
அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"நீங்களே எழுதிக்கோங்க" என்றார்,
கொஞ்சம் இரக்கத்தோடு.

அன்று ராத்திரி மழை.
மண்டி மாங்காயின் வாசம் தெருவில் ஏறியது.
என் வீட்டு வாசலில்
ஸ்கூட்டர் வழுக்காத ஓடுகள், சந்தில்லாமல் பதித்தவை,
தவணை இன்னும் முடியவில்லை.
தண்ணீர் கேட்டுக்கடியில் நுழைந்து
தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.
எண்ணினேன்.
இருநூறுக்கு மேல்
எண்ண வெட்கமாயிருந்தது.

மறுநாள் கோப்பில் முதல் குறிப்பு:
குழாய் ஒன்று, வீடுகள் ஏழு.

அடுத்தது நாகவேணியின் படிவம்.
கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி:
இம்முறையைத் தேர்ந்தெடுத்த காரணம்?
அ. சுற்றுச்சூழல் அக்கறை
ஆ. நகராட்சியின் ஊக்கம்
இ. பிற
'பிற'வுக்கு எதிரே ஒன்றரை அங்குலக் கோடு.
அதில் எழுதினேன்: காசு தீர்ந்தது.

நேற்று கோப்பு திரும்பி வந்திருக்கிறது.
ஓரத்தில் பென்சிலில், மேலிடத்துக் கையெழுத்து:
"நல்ல முன்மாதிரி.
அடுத்த ஆண்டு இதை
எவ்வாறு ஊக்குவிக்கலாம்?"